ஒருமுறைக்கு மட்டும் ஓர் இயந்திரம்

ஒரு மென்பொருள் சோதனையில் தேறியது என்று சொல்லும்போது, குறிப்பிட்ட ஒரு நிலையில் இருந்த ஒரு கணினியில் அது தேறியது என்பதே அக்கூற்றின் முழுப் பொருள். வட்டில் ஏற்கெனவே இருந்த கோப்புகள், நிறுவப்பட்டிருந்த நிரல் நூலகங்களின் பதிப்புகள், பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த சேவைகள், கடிகாரம் காட்டிய நேரம், முந்தைய சோதனை அழிக்காமல் விட்டுச்சென்ற ஒரு தற்காலிகக் கோப்பு என எது வேண்டுமானாலும் முடிவைத் திருப்பிவிடக்கூடும் என்பதால், தொடக்க நிலை தெரியாத சோதனையை வைத்து மென்பொருளின் தரத்தைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல இயலாது. மனிதர் ஒருவர் அமர்ந்து கையால் சோதித்த காலத்தில் இந்தக் குறை ஓரளவு மறைந்திருந்தது. எதிர்பாராத முடிவு வந்தால் அவரே கணினியைக் கிளறிக் காரணத்தைக் கண்டுகொள்வார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆயிரக்கணக்கான சோதனைகளைக் கணினியே ஓட்டித் தீர்ப்பையும் எழுதிவிடும் தானியங்கிச் சோதனையில் அத்தகைய கண்காணிப்புக்கு இடமில்லை; தொடக்க நிலையை உறுதிசெய்யும் பொறுப்பு முழுவதும் சோதனை அமைப்பின் மீதே விழுகிறது.

எதையும் மாற்றாமல் இருமுறை ஓட்டினால் ஒருமுறை தேறி மறுமுறை தோற்கும் சோதனைகளை நிலையற்ற சோதனைகள் என்று வகைப்படுத்தலாம். 2014-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், அப்பாச்சி அறக்கட்டளையின் 51 திறமூல மென்பொருள்களில் இத்தகைய சோதனைகளைச் சீர்செய்யச் செய்யப்பட்ட 201 திருத்தங்களைப் படித்து, அவற்றின் காரணங்களை ஆராய்ந்தார்கள். காரணம் தெளிவாகத் தெரிந்தவற்றுள் ஏறக்குறைய 45 விழுக்காட்டில், ஒரு செயல் முடியும்முன்பே அதன் விளைவைச் சோதனை எதிர்பார்த்திருந்தது. 20 விழுக்காட்டில், ஒரே நேரத்தில் ஓடும் நிரற்பகுதிகள் ஒன்றையொன்று முந்தியிருந்தன. 12 விழுக்காட்டில், ஒரு சோதனை விட்டுச்சென்ற எச்சம் இன்னொன்றின் முடிவைத் தீர்மானித்திருந்தது. கூகுள் நிறுவனமும் தன் சோதனைகளில் 16 விழுக்காடு ஏதோ ஒரு வகையில் நிலையற்றவை என்று 2016-இல் வெளியிட்டது. இந்த அத்தியாயம் விளக்கும் முறை, மூன்றாவது வகைக் காரணத்தையே நீக்குகிறது. முதல் இரண்டையும் அது தொடுவதில்லை. ஆயினும் எச்சத்தால் வரும் தோல்விகள் தேடிப் பிடிப்பதற்கு மிகக் கடினமானவை, ஏனெனில் தோற்ற சோதனையில் எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது. எப்போதோ வெற்றிகரமாக முடிந்துபோன வேறொரு சோதனையில் அது இருக்கிறது.

எச்சத்தை அகற்ற முதலில் தோன்றும் வழி, சோதனை முடிந்தபின் கணினியைப் பழைய நிலைக்குத் துப்புரவு செய்வது. உருவாக்கிய கோப்புகளை அழித்து, நிறுத்திய சேவைகளை மீண்டும் தொடங்கி, நிறுவியதை நீக்கிவிட்டால் போதும் என்று தோன்றினாலும், இந்த வழி செய்ததாகத் தெரிந்த மாற்றங்களை மட்டுமே திருப்பும். செய்ததாகத் தெரியாத மாற்றங்களை அது அறியாது. சோதிக்கப்படுவதே பிழையுள்ளதாக இருக்கக்கூடிய மென்பொருள் என்னும்போது, அது எதையெல்லாம் மாற்றியது என்பதை அதன் சொல்லைக் கொண்டே அறிய முற்படுவது தருக்கப் பிழையாகும். டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டின் தன்னார்வலர்கள் 2005-இல் பியூபார்ட்ஸ் என்ற கருவியை உருவாக்கியது இதனால்தான்: ஒரு மென்பொருள் தொகுப்பை நிறுவி, மேம்படுத்தி, பின்பு முழுவதும் நீக்கிவிட்டு, கோப்பு முறைமை முன்பிருந்தபடியே இருக்கிறதா என்று அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. தன்னை முழுமையாக நீக்கிக்கொள்வதாகக் கூறும் தொகுப்புகள்கூட விட்டுச்செல்லும் கோப்புகளை அக்கருவி தொடர்ந்து கண்டுபிடித்து வருகிறது. துப்புரவை முழுமையாக மெய்ப்பிக்க வழியில்லை என்பதை ஏற்றுக்கொண்டால் எஞ்சுவது ஒரே தீர்வு: சோதனைக்கென்று ஒரு முழுக் கணினியை உருவாக்கி, சோதனை முடிந்ததும் அக்கணினியையே அழித்துவிட வேண்டும்.

உலோகத்தாலும் சிலிக்கனாலும் ஆன கணினியை அவ்வாறு அழிக்க எவராலும் இயலாது. மென்பொருளால் ஆன கணினியை இயலும். மெய்நிகர் இயந்திரம் என்பது, ஓர் உண்மைக் கணினியின் மீது ஓடும் கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று, செயலி, நினைவகம், வட்டு, வலையட்டை ஆகியவற்றைக் கொண்ட தனிக் கணினி ஒன்று இருப்பதாகத் தோன்றச்செய்யும் ஏற்பாடு. அதனுள் நிறுவப்படும் இயங்குதளம் தான் உண்மை வன்பொருளில் ஓடுவதாகவே நடந்துகொள்ளும். அந்தக் கட்டுப்பாட்டு மென்பொருளை ஹைப்பர்வைசர் என்பார்கள். இக்கருத்து பலர் எண்ணுவதைவிடப் பழமையானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் ராபர்ட் கிரீசியின் தலைமையில் 1964-இன் இறுதியில் தொடங்கப்பட்ட சிபி-40 என்ற திட்டத்தில் அது வடிவம் பெற்றது. 1972-இல் விஎம்/370 என்ற வணிகப் பெயருடன் வெளிவந்தது. தொடக்கத்திலிருந்தே அதன் பயன்களுள் ஒன்று சோதனை. இயங்குதளம் எழுதுவோர் ஒவ்வொருவரும் தம் பிழையுள்ள இயங்குதளத்தை ஓட்டிப்பார்க்க முழுக் கணினி ஒன்று வேண்டியிருந்தது. கணினியோ பெருந்தொகை மதிப்புள்ளது, ஒரே நேரத்தில் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டியது. ஒருவருடைய இயங்குதளம் நொறுங்கினால் அவருடைய மெய்நிகர் இயந்திரம் மட்டுமே நின்றுபோக, மற்றவர்களின் வேலை தொடர்ந்து நடந்தது.

மெய்நிகர் இயந்திரத்தில் பெறப்பட்ட தீர்ப்பு உண்மை இயந்திரத்துக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு ஜெரால்ட் போப்பெக், ராபர்ட் கோல்ட்பர்க் ஆகிய இருவரும் 1974-இல் வெளியிட்ட கட்டுரை கணிதமுறையில் விடை தந்தது. மெய்நிகர் இயந்திரத்தில் ஓடும் நிரல் உண்மை இயந்திரத்தில் நடப்பது போலவே நடக்க வேண்டும், பெரும்பாலான கட்டளைகள் இடையீடின்றி நேரே செயலியில் ஓட வேண்டும், வளங்கள் முழுவதும் கட்டுப்பாட்டு மென்பொருளின் பிடியில் இருக்க வேண்டும் என மூன்று நிபந்தனைகளை வைத்த அவர்கள், இயந்திரத்தின் நிலையைத் தொடும் ஒவ்வொரு கட்டளையும் சாதாரண நிரலிலிருந்து வரும்போது செயலியால் இடைமறிக்கப்பட்டால் மூன்றையும் நிறைவேற்றலாம் என்று காட்டினார்கள். மேசைக் கணினிகளில் பரவிய இன்டெல் வகைச் செயலிகள் இந்த நிபந்தனையை நிறைவேற்றவில்லை; பென்டியம் செயலியின் ஏறத்தாழ 250 கட்டளைகளில் 17 கட்டளைகள் இடைமறிப்பின்றி நழுவிவிடுகின்றன என்று 2000-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று பட்டியலிட்டது. அத்தகைய கட்டளைகளை ஓடும்போதே கண்டுபிடித்து மாற்றியெழுதும் உத்தியால் விஎம்வேர் நிறுவனம் 1999-இல் இத்தடையைத் தாண்டியது. 2005, 2006 ஆண்டுகளில் இன்டெலும் ஏஎம்டியும் செயலியிலேயே இடைமறிக்கும் வசதியைச் சேர்த்தன. 2007-இல் அவ்வசதியைப் பயன்படுத்தும் கேவிஎம் என்ற பகுதி லினக்ஸின் கெர்னலில், அதாவது வன்பொருளை நேரடியாக ஆளும் அதன் மையப்பகுதியில், சேர்க்கப்பட்டது. அன்று முதல் எந்தச் சாதாரண சர்வரிலும் உண்மைக்கு நிகரான வேகத்தில் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்ட முடிகிறது.

வேகமாக ஓடினால் மட்டும் ஓர் இயந்திரம் ஒருமுறைக்கு மட்டும் பயன்படுத்தி அழிக்கத்தக்கதாகிவிடாது. அதை உருவாக்கும் செலவும் ஏறத்தாழ ஒன்றுமில்லை என்னும் அளவுக்குக் குறைய வேண்டும். இயங்குதளம் நிறுவப்பட்ட ஒரு வட்டுக் கோப்பு பத்து ஜிகாபைட் இருக்கிறது என்று கொண்டால், ஒவ்வொரு சோதனைக்கும் அதை முழுதாக நகலெடுப்பது வட்டையும் நேரத்தையும் விழுங்கிவிடும். இதைத் தவிர்க்கும் உத்தி, எழுதும்போது மட்டும் நகலெடுத்தல் எனப்படுகிறது. ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2003-இல் வெளியிட்ட, மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் கியூஎமு என்ற மென்பொருளின் வட்டுக் கோப்பு வடிவத்தில் இது இவ்வாறு நடக்கிறது: மூல வட்டுக் கோப்பு படிக்க மட்டுமே திறக்கப்படுகிறது, அதன்மேல் வெறுமையான மேலடுக்குக் கோப்பு ஒன்று வைக்கப்படுகிறது, இயந்திரம் ஒரு பகுதியைப் படிக்கும்போது அது மேலடுக்கில் இருந்தால் அங்கிருந்தும், இல்லையேல் மூலத்திலிருந்தும் தரப்படுகிறது, எழுதும்போதோ, இயல்பாக 64 கிலோபைட் அளவுள்ள அந்தப் பகுதி மட்டும் மேலடுக்கில் புதிதாக இடம்பெறுகிறது. அச்சிட்ட வரைபடத்தின் மேல் ஒளிபுகும் தாள் ஒன்றை விரித்து, திருத்தங்கள் அனைத்தையும் அத்தாளிலேயே வரைவதற்கு ஒப்பானது இது. தாளை எடுத்துவிட்டால் வரைபடத்தில் ஒரு கோடும் மாறியிருக்காது. புதிதாக உருவாகும் மேலடுக்கின் அளவு சில நூறு கிலோபைட்தான், அதை உருவாக்க நொடிப்பொழுதும் ஆகாது, அழிப்பதற்கு ஒரு கோப்பை நீக்கினால் போதும். நூறு சோதனைகள் ஒரே மூலத்தின் மேல் நூறு மேலடுக்குகளுடன் ஒரே நேரத்தில் ஓடலாம். எது தொடக்க நிலை என்ற கேள்விக்கு இப்போது ஐயத்துக்கு இடமில்லாத விடை உண்டு: மூலக் கோப்பு. அதன் ஒவ்வொரு பிட்டும் தெரிந்தது, சேமிக்கத்தக்கது, இன்னொருவருக்கு அனுப்பத்தக்கது.

வட்டைப் போலவே நினைவகத்தையும் உறையவைக்கலாம். இயங்குதளம் தொடங்கி முடித்த கணத்தில் நினைவகத்தின் உள்ளடக்கம், செயலியின் பதிவேடுகள், கருவிகளின் நிலை ஆகியவற்றைச் சேர்த்துச் சேமித்துவைத்தால், அடுத்த சோதனை அந்தக் கணத்திலிருந்தே தொடங்கும். மீண்டும் தொடங்கும் நேரம் மிச்சமாகும். இன்னொரு திசையில், தேவையற்ற கருவிகளையெல்லாம் கழித்து இயந்திரத்தையே சிறிதாக்கும் முயற்சியும் நடந்தது. அமேசான் நிறுவனம் 2018 நவம்பரில் அறிவித்த ஃபயர்கிராக்கர் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் அவ்வகையில் முதன்மையானது. அதில் ஒரு சிற்றியந்திரம் 125 மில்லிநொடிக்குள் தொடங்குகிறது, ஒவ்வோர் இயந்திரத்துக்கும் கூடுதலாகச் செலவாகும் நினைவகம் 5 மெகாபைட்டுக்கும் குறைவு.

கன்டெய்னர் எனப்படும் உறைகள் இதைவிட மலிவாயிற்றே என்று கேட்கலாம். 2013-இல் டாக்கர் என்ற உறைக் கருவி வெளிவந்தபின் சோதனை அமைப்புகள் பல அவற்றையே பயன்படுத்துகின்றன, சாதாரண நிரல்களுக்கு அவை போதுமானவையும்கூட. ஆனால் ஓர் உறைக்குள் ஓடும் நிரல் தனக்கென்று கெர்னல் இல்லாமல், சர்வரின் கெர்னலையே மற்ற எல்லா உறைகளுடனும் பகிர்ந்துகொள்கிறது. கெர்னலை மாற்றும் சோதனை, கெர்னலை நொறுக்கும் சோதனை, கணினியை மறுதொடக்கம் செய்து அதன்பின் என்ன ஆகிறது என்று பார்க்கும் சோதனை, வட்டுப் பிரிவுகளை மாற்றியமைக்கும் சோதனை, வேறொரு இயங்குதளத்தில் நடத்த வேண்டிய சோதனை ஆகிய எதையும் உறைக்குள் உண்மையாக நடத்த முடியாது. மலிவைக் கருதி இவற்றை விட்டுவிடும் சோதனை அமைப்பு, மென்பொருள் மிகக் கடுமையாகச் சேதம் விளைவிக்கக்கூடிய இடங்களையே சோதிக்காமல் விட்டுவிடுகிறது.

இந்த வேறுபாட்டை வெளிப்படையாக எழுதிவைத்திருப்பது டெபியனின் சோதனை முறை. அங்கு ஒவ்வொரு மென்பொருள் தொகுப்பும் தன் சோதனைகளைத் தன்னுடனேயே கொண்டிருக்கலாம். அச்சோதனைகளுக்கு எத்தகைய சூழல் தேவை என்பதை ஒரு சிறு கோப்பில் அறிவிக்க வேண்டும். தனி உறை போதும் என்று ஒரு சோதனை அறிவிக்கலாம். தனி இயந்திரமே வேண்டும் என்று மற்றொன்று அறிவிக்கலாம். நான் ஓடினால் இக்கணினி பழுதாகிவிடக்கூடும் என்ற பொருள்படும் அறிவிப்பும் உண்டு. கடைசியாகச் சொன்ன அறிவிப்பைக் கண்டால், கழித்துவிடத்தக்க சூழல் இல்லாத இடத்தில் ஆட்டோபேக்கேஜ்டெஸ்ட் என்ற இயக்கும் கருவி அச்சோதனையைப் பொதுவாகத் தவிர்த்துவிடும். கியூஎமு இயந்திரம் கிடைத்தால், மூல வட்டின் மேல் தற்காலிக மேலடுக்கு ஒன்றை விரித்து, தொகுப்பை நிறுவி, சோதனையை ஓட்டி, முடிவையும் பதிவுகளையும் வெளியே எடுத்துக்கொண்டு, மேலடுக்கை நீக்கிவிடும். சோதனை நடுவில் மறுதொடக்கம் கேட்பதற்கும் வழி இருக்கிறது. எந்தக் கட்டத்தில் நிறுத்தினோம் என்ற அடையாளத்தைக் கொடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்தால், இயந்திரம் மீண்டும் எழுந்தபின் அந்த அடையாளத்தைப் பெற்று மீதியைத் தொடரலாம். ஒரு தொகுப்பு மாறும்போது அதைச் சார்ந்திருக்கும் பிற தொகுப்புகளின் சோதனைகளும் ஓடுகின்றன. அவற்றில் புதிதாக ஒன்று தோற்றால், அந்த மாற்றம் அடுத்த நிலையான வெளியீட்டுக்கான கிளையில் நுழைவது தடைபடுகிறது. பல்லாயிரம் தொகுப்புகளை உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் பராமரிக்கும் ஓர் அமைப்பில், ஒருவர் செய்த மாற்றம் வேறொருவரின் மென்பொருளை முறித்துவிட்டது என்று இயந்திரம் சொல்லும் தீர்ப்பை இருவரும் ஏற்பதற்குக் காரணம், தொடக்க நிலை இருவருக்கும் பொதுவானது என்பதே. அதே மூலக் கோப்பைத் தம் கணினியில் உருவாக்கி, அதே தோல்வியை இருவரில் எவரும் கண்ணால் காணலாம்.

ஓப்பன்சூசே, ஃபெடோரா ஆகிய லினக்ஸ் வெளியீடுகள் பயன்படுத்தும் ஓப்பன்கியூஏ என்ற அமைப்பு வேறொரு கோணத்திலிருந்து இதே வேலையைச் செய்கிறது. அது மெய்நிகர் இயந்திரத்தின் திரையைப் படமெடுத்து, எதிர்பார்க்கப்படும் திரையின் பகுதிகளோடு ஒப்பிட்டு, விசைப்பலகையையும் சுட்டியையும் தானே இயக்கி, இயங்குதளத்தை நிறுவும் முழுச் செயலையும் மனிதர் செய்வதுபோலச் செய்து பார்க்கிறது. நிறுவி முடித்த நிலையில் இயந்திரத்தின் ஸ்னாப்ஷாட், அதாவது உறையவைத்த நிலை, சேமிக்கப்படுகிறது; அடுத்து வரும் சோதனை ஒன்று தோற்றால், நீண்ட நேரம் பிடிக்கும் நிறுவலை மறுபடி செய்யாமல், கடைசியாக நல்ல நிலையில் இருந்த கணத்துக்கு இயந்திரத்தைத் திருப்பிவிட்டு மீதமுள்ள சோதனைகள் தொடர்கின்றன.

இயந்திரம் அழிவதே அன்றாட நடப்பாக இருக்கும் இடம், கெர்னலைத் தாக்கிப் பார்க்கும் சோதனை. கூகுளில் உருவான சிஸ்காலர் என்ற கருவி, கெர்னலை நோக்கி நிரல்கள் விடுக்கும் அழைப்புகளைத் தற்செயலாகக் கோத்து, கெர்னலின் எந்தப் பகுதிகள் ஓடின என்பதைக் கவனித்து, புதிய பகுதிகளைத் தொட்ட கோவைகளை மேலும் மாற்றிமாற்றி அனுப்புகிறது. இதன் நோக்கமே கெர்னலை நொறுக்குவதுதான் என்பதால், அது ஓடும் இயந்திரம் அடிக்கடி செயலிழந்துபோகும். உள்ளே இருந்துகொண்டு அதன் மரணத்தைப் பதிவுசெய்ய எந்த நிரலாலும் முடியாது. எனவே மேலாளர் நிரல் வெளியே சர்வரில் இருந்துகொண்டு, இயந்திரத்தின் முனைய வெளியீட்டை இடைவிடாது படித்து, நொறுங்கிய அறிகுறி கண்டதும் அவ்வெளியீட்டைச் சேமித்து, அந்த இயந்திரத்தை ஒழித்துப் புதியதை எழுப்புகிறது. அடுத்துத்தான் அரிய வேலை தொடங்குகிறது: நொறுங்குவதற்கு முன் விடுக்கப்பட்ட அழைப்புகளுள் எவை காரணம் என்று அறிய, அவற்றைப் புதுப்புது இயந்திரங்களில் சிறுசிறு பகுதிகளாக ஓட்டி, தேவையற்றதை நீக்கி, சில வரிகளே கொண்ட நிரலாகச் சுருக்குகிறது. ஒவ்வொரு முயற்சியும் மாசற்ற தொடக்கத்திலிருந்து நடப்பதால்தான், அந்தச் சுருக்கிய நிரலே காரணம் என்று சொல்ல முடிகிறது. 2017 முதல் சிஸ்பாட் என்ற தானியங்கி அமைப்பு இரவுபகலாக இதைச் செய்து, லினக்ஸ் கெர்னலில் ஆயிரக்கணக்கான வழுக்களை அறிவித்திருக்கிறது. கைபேசி முதல் மருத்துவமனைக் கருவி வரை பல கோடி இயந்திரங்களில் ஓடும் ஒரு நிரலுக்கு இதைவிடப் பெரிய தொண்டு ஒன்றை ஒரு சோதனைக் கருவி செய்துவிட முடியாது.

முன்பின் தெரியாதவர்களின் நிரலை ஓட்டும் பொதுச் சோதனைச் சேவைகளில் ஒருமுறை இயந்திரத்துக்குப் பாதுகாப்பு என்ற இன்னொரு காரணமும் சேர்கிறது. கிட்ஹப் தளத்தின் ஆக்ஷன்ஸ் சேவையில், அந்நிறுவனமே வழங்கும் சர்வர்களில் ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் பொதுவாகப் புதிய மெய்நிகர் இயந்திரம் அளிக்கப்படுகிறது. ஒருவரின் வேலை விட்டுச்சென்றதை அடுத்தவரின் வேலை காண வழியில்லை. நெடுங்காலம் அழியாமல் நிற்கும் இயந்திரம் எத்தகைய ஆபத்தைத் தாங்கியிருக்கக்கூடும் என்பதை 2020 டிசம்பரில் வெளியான சோலார்விண்ட்ஸ் ஊடுருவல் காட்டியது. அந்நிறுவனத்தின் மென்பொருளைக் கட்டமைக்கும் கணினியில் புகுந்திருந்த சன்ஸ்பாட் என்ற தீநிரல், கணினி தொடங்கும்போதெல்லாம் தானும் எழும்படி தன்னை அமைத்துக்கொண்டு, கட்டமைப்பு நடக்கும் கணத்துக்காகக் காத்திருந்து, மூல நிரற்கோப்பு ஒன்றைத் தன்னுடையதால் மாற்றிவிட்டு, வேலை முடிந்ததும் பழையதைத் திருப்பி வைத்தது. ஒவ்வொரு கட்டமைப்புக்கும் புதிய இயந்திரம் எழுப்பப்படும் இடத்தில் இவ்வாறு காத்திருப்பதற்கு இடம் கிடைப்பதில்லை. தாக்குபவர் மூலக் கோப்பையோ கட்டுப்பாட்டு மென்பொருளையோ கெடுக்க வேண்டியிருக்கும். அதுவும் நடக்காததல்ல. கியூஎமுவின் நெகிழ்வட்டுக் கருவிப் பகுதியில் 2004 முதல் இருந்துவந்த ஒரு பிழை, மெய்நிகர் இயந்திரத்திலிருந்து சர்வருக்குள் தப்பிச்செல்ல வழிதரும் என்று 2015-இல் கண்டுபிடிக்கப்பட்டது. வெனம் என்று பெயரிடப்பட்ட அப்பிழை, யாரும் பயன்படுத்தாத கருவி ஒன்றைப் போலச்செய்யும் நிரலில் ஒளிந்திருந்தது. ஃபயர்கிராக்கர் போன்றவை கருவிகளின் எண்ணிக்கையை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைத்திருப்பதில் விரைவு மட்டுமின்றிப் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது.

ஒரே நிலையிலிருந்து பல இயந்திரங்கள் தொடங்குவதே சில வேளைகளில் கேடாகவும் முடியும். மறைக்குறியீட்டு முறைகள் அனைத்தும் பிறரால் ஊகிக்க முடியாத தற்செயல் எண்களை நம்பியிருக்கின்றன; இயங்குதளம் அவற்றை நினைவகத்தில் ஒரு சேமிப்பாகத் திரட்டி வைத்திருக்கிறது. நினைவகத்தை உறையவைத்து அதிலிருந்து இரண்டு இயந்திரங்களை எழுப்பினால், இரண்டும் ஒரே சேமிப்போடு எழுந்து ஒரே தற்செயல் எண்களைத் தரக்கூடும். தாமஸ் ரிஸ்டன்பார்ட், ஸ்காட் யிலெக் ஆகியோர் 2010-இல் இதை ஆராய்ந்து, உறைநிலையிலிருந்து மீட்கப்பட்ட இயந்திரங்களில் பாதுகாப்பான இணைப்புகளின் இரகசியங்கள் மறுபடி வருவதையும், ஒரு சர்வரின் கையொப்பத் திறவுகோலையே அதனால் கண்டுபிடித்துவிட முடிவதையும் காட்டினார்கள். தீர்வாக, இயந்திரம் உறைநிலையிலிருந்து மீட்கப்படும்போதெல்லாம் மாறும் 128 பிட் அடையாள எண் ஒன்றை ஹைப்பர்வைசர் தர வேண்டும் என்ற ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2012-இல் கொண்டுவந்தது. அந்த எண் மாறியதைக் கண்டு தற்செயல் எண் சேமிப்பைப் புதுப்பிக்கும் வசதி லினக்ஸில் 2022-இல் சேர்ந்தது. ஒரே நிலையிலிருந்து தொடங்குவது சோதனைகளில் இன்னொரு தொல்லையையும் தருகிறது: ஒரே தற்செயல் எண்ணில் தொடங்கும் ஆயிரம் சோதனைகள் ஆயிரம் தனித்தனிச் சோதனைகள் ஆகமாட்டா, ஒரே சோதனையின் ஆயிரம் பிரதிகள் ஆகிவிடும்.

தொடக்க நிலை தெரிந்திருக்கிறது என்ற நம்பிக்கை கரைந்துபோகும் மற்றொரு வாயில் வலையமைப்பு. சோதனை நடுவில் இணையத்திலிருந்து ஒரு நூலகத்தின் அண்மைப் பதிப்பை இறக்கினால், நேற்றைய இயந்திரமும் இன்றைய இயந்திரமும் ஒன்றல்ல. விரைவுக்காக இறக்கிய கோப்புகளை ஒரு பொதுச் சேமிப்பில் வைத்து அடுத்தடுத்த இயந்திரங்களுக்குக் கொடுக்கும் பழக்கமும், வாசல் வழியே வெளியேற்றிய எச்சத்தைப் பின்வாசல் வழியே அழைத்துவருவதாகும். மூலக் கோப்பும் நாளடைவில் பழையதாகும். புதுப்பிக்காவிட்டால் எவரும் பயன்படுத்தாத இயங்குதளத்தில் சோதித்ததாகும், நாள்தோறும் புதுப்பித்தால் தொடக்க நிலை நாள்தோறும் நகரும். எந்த நாளில் எந்தத் தொகுப்புகளைக் கொண்டு மூலம் கட்டப்பட்டது என்பதைப் பதிவுசெய்துவைப்பதே நேர்மையான வழி. டெபியன் தன் தொகுப்புக் களஞ்சியத்தின் கடந்தகால நிலைகளை 2005 முதல் பாதுகாத்து வைத்திருப்பதால், பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நாளின் மூலத்தையும் அங்கு மறுபடி கட்டியெழுப்ப முடிகிறது.

அழிக்கப்பட்ட இயந்திரம் தன் சாட்சியங்களையும் உடன்கொண்டு போய்விடுகிறது என்பது இம்முறையைப் புதிதாகக் கைக்கொள்வோர் விரைவில் உணரும் இழப்பு. நூறு ஓட்டத்தில் ஒருமுறை மட்டும் வரும் தோல்வியை விளக்கக்கூடிய நினைவகமும் கோப்புகளும் அத்தோல்வி நேர்ந்த இயந்திரத்தில் மட்டுமே இருந்தன. ஆகவே நல்ல அமைப்புகள், இயந்திரத்தை ஒழிக்கும்முன் பதிவுகளையும் முனைய வெளியீட்டையும் நொறுங்கிய நிரலின் நினைவகப் பிரதியையும் வெளியே எடுத்துவைக்கின்றன. தோற்ற இயந்திரத்தின் மேலடுக்கை மட்டும் சில நாள்கள் காத்துவைப்பதும் அதிகச் செலவில்லாதது, பயன் மிக்கது.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான குறை ஒன்று உண்டு. புத்தம்புதிய இயந்திரத்தில் மட்டுமே நடக்கும் சோதனை, நாள்பட ஓடுவதால் விளையும் பிழைகளைக் காண்பதில்லை. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், தொடர்ந்து 100 மணிநேரமாக ஓடிக்கொண்டிருந்த பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஏவுகணையைத் தவறவிட்டதில் 28 படைவீரர்கள் உயிரிழந்தார்கள். நொடியின் பத்தில் ஒரு பங்கை இரும எண்முறையில் துல்லியமாக எழுத முடியாததால் எழும் மிகச்சிறு பிழை, ஓடும் நேரத்தோடு பெருகி, 100 மணிநேரத்தில் மூன்றில் ஒரு நொடியைத் தாண்டியிருந்தது. அப்போதுதான் தொடங்கிய இயந்திரத்தில் அதே நிரலை எத்தனை முறை சோதித்திருந்தாலும் அது தேறியிருக்கும். போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டு மென்பொருளில், 248 நாள்கள் இடைவிடாது மின்சாரம் இருந்தால் கணக்கி ஒன்று நிரம்பி வழிந்து மின்னாக்கிகள் நின்றுவிடக்கூடும் என்று அமெரிக்க விமானத்துறை 2015-இல் எச்சரிக்க நேர்ந்தது. பத்து நிமிடமே உயிர்வாழும் மெய்நிகர் இயந்திரம் 248-ஆம் நாளை ஒருபோதும் எட்டாது.

இக்குறைக்கு விடை, வயதையே தொடக்க நிலையின் ஒரு பகுதியாக்குவது. ஓப்பன்கியூஏ அமைப்பில் பழைய வெளியீடுகள் நிறுவப்பட்ட வட்டுக் கோப்புகள் சேமிக்கப்பட்டு, அவற்றிலிருந்து புதிய வெளியீட்டுக்கு மேம்படுத்தும் பாதை தனியே சோதிக்கப்படுகிறது. லினக்ஸ் கெர்னலின் நிரலாளர்கள் இன்னும் நுட்பமான வழியைக் கண்டார்கள்: கணினி தொடங்கியதிலிருந்து கடிகாரத் துடிப்புகளை எண்ணும் கணக்கி அங்கு பூச்சியத்தில் தொடங்காமல், 32 பிட் நிரம்பி வழிவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும் எண்ணில் வேண்டுமென்றே தொடங்கிவைக்கப்படுகிறது. துடிப்பு நொடிக்கு ஆயிரமாக இருந்தால் 49 நாள்களுக்குப் பின்பே வரவேண்டிய வழிவு, ஒவ்வொரு கணினியிலும் ஆறாவது நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. அதைக் கையாளத் தெரியாத நிரற்பகுதி குறுகிய ஆயுளுள்ள சோதனை இயந்திரத்திலேயே சிக்கிக்கொள்கிறது. நாள்காட்டியையும் இவ்வாறே முன்னகர்த்தலாம். நொடிகளை 32 பிட் எண்ணில் எண்ணும் நிரல்கள் 2038 ஜனவரி 19 அன்று, உலகப் பொது நேரம் 3 மணி 14 நிமிடம் 7 நொடியைத் தாண்டியதும் 1901-க்குத் திரும்பிவிடும். பயன்பாட்டில் உள்ள கணினியின் கடிகாரத்தை அந்த நாளுக்கு மாற்றிப் பார்த்தால், சான்றிதழ்கள் காலாவதியாகி, கோப்புகளின் தேதிகள் குழம்பி, காப்புப்பிரதி எடுக்கும் நிரல்கள் தவறான கோப்புகளை நீக்கி, மீட்கவே இயலாத சேதம் நேரக்கூடும். கியூஎமுவில் இயந்திரத்தைத் தொடங்கும் கட்டளையிலேயே கடிகாரத்தின் தேதியைக் குறிப்பிட்டுவிடலாம் என்பதால், அந்த நாளுக்குச் சில நொடிகள் முன்னதாக ஓர் இயந்திரத்தை எழுப்பி, எல்லையைத் தாண்டவிட்டு, எது முறிகிறது என்று குறித்துக்கொண்டு, இயந்திரத்தை நீக்கிவிட்டு, திருத்திய நிரலோடு அதே நொடியிலிருந்து மறுபடியும் தொடங்க முடிகிறது.